மஹதியைத் தேடி வருபவர்கள்

ஒரே குருவிடம் பாட்டுக் கற்றவர்கள்தான். ஆனாலும் டிசம்பர் சீசனில் மாலைக் கச்சேரி மஹதிக்கு, மதியக் கச்சேரி நீரஜாவுக்கு. காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடிப் பாடி நீரஜாவின் வயிறு எரிந்தது.

இருவரும் பாடிய மயிலாப்பூர் சபாவின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். 1998 சீசனில் ஒரு நாள், தான் வேலை பார்த்த அடையாறு கம்ப்யூட்டர் ஆபீசில் உட்கார்ந்து, மஹதியின் பக்கத்தைத் தேடி வருபவர்களைத் தன் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி சர்வர் கோப்பில் ஒரு விதி எழுதினாள். அது வேலை செய்யவில்லை. பக்கத்து மேஜை ஸ்ரீவத்சன் எட்டிப் பார்த்து, விதியின் தொடக்கத்தில் இருந்த ஒரு சாய்கோட்டை எடுத்துவிட்டான்.

"இப்போ போறது பாரு. ஆனா கடைசில, இதோட நிறுத்துன்னு சொல்ற குறியைப் போடலையே? போடலேன்னா நிக்காது, அவளைத் தேடி வரவா எல்லாரையும் உன் பக்கம் திருப்பிண்டே இருக்கும்."

"நாளைக்குப் போட்டுக்கறேன்."

மஹதியின் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. அதைக் கேட்காமல் இருக்கவும் அவளால் முடியாது.

சபா நிரம்பி வழிந்தது. மஹதி தோடி ராகத்தை முடித்ததும் கைதட்டல் எழுந்தது. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த நீரஜாவைப் பார்த்துத் தட்டினார்கள். அவள் பூரித்துப்போய்க் கைகூப்பினாள். மங்களம் முடிந்ததும் செயலாளர் பொன்னாடையை அவளுக்குத்தான் போர்த்தினார். மஹதியின் கணவர் கார் சாவியோடு வந்து அவளருகே காத்து நின்றார். மஹதியின் குழந்தை மேடையோரமாக ஓடிவந்து நீரஜாவின் மடியில் ஏறிக்கொண்டது.

"அம்மா, தூக்கம் வரது. ஆத்துக்குப் போலாமா?"

மேடையில் மஹதி, குழந்தைக்காக நீட்டிய கைகளை இன்னும் மடக்கவில்லை.