கடல் வற்றும் நேரம்

கோடையில் எங்கள் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்போம். போன வருடம், பழைய நேரப்படியே அச்சாகும் கடல் வற்றும் நேர அட்டவணையில் அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தோம். நீர் வற்றும்போது மட்டுமே நடந்து கடக்க முடிகிற கழிமுகத்தில் முதலில் இறங்கிய என் கணவர் ஹேமிஷ் கரையேறவில்லை.

அந்தக் கடலோர நடைப்பயணத்தில் மிச்சமிருந்ததை முடிக்க, இந்தக் கோடையில் வழியில் நடப்பவர்கள் தங்கும் மூன்றாம் குடிசைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். காவலாளி நைரே புதியவள்.

“ஷோனா பேசுறேன். வெள்ளிக்கிழமை ஒரு படுக்கை வேணும். சனி காலைல பத்து நாப்பதுக்குக் கழிமுகத்தைக் கடக்கிறேன்.”

“பதிவு நோட்டுல பதினொன்னு நாப்பதுன்னு இருக்கே? ஹேமிஷ், ஷோனா, ரெண்டு பேர். கோழி கிறுக்கின மாதிரி எழுத்து!”

என் தாளைப் பார்த்தேன். இந்த முறையும் அந்த ஒரு மணியைக் கூட்டியிருக்கவில்லை.

“எப்ப எழுதினது?”

“மை இன்னும் காயலை. வாசல்ல ஈர பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கு. அவரைக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க” என்றேன்.