மரங்கொத்தி கேட்ட பிரசங்கம்

தேவாலய ஜன்னலில் உட்கார்ந்திருந்த மரங்கொத்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஆண்டவர் நம் இதயக் கதவைச் சலிக்காமல் தட்டுகிறார், மரங்கொத்தியைப் போல!" என்று போதகர் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். உடனே அது பக்கத்து மாமரத்துக்குப் பறந்துபோய் டொக்டொக்கென்று தட்டியது.

"யாரது?" என்றது மரத்துக்குள் இருந்த புழு.

"அல்லேலூயா! கதவைத் திற தம்பி. நான் ஆண்டவர் மாதிரியாம், போதகரே சொல்லிட்டார்!"

"நானும் இங்கிருந்தே பிரசங்கம் கேட்டேன் அண்ணே. கதவைத் திறந்தா ஆண்டவர் உள்ளே வந்து நம்மகூட உட்கார்ந்து சாப்பிடுவாராமே. நீங்க வந்தா என்ன சாப்பிடுவீங்க?"

மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது.

"அதெல்லாம் எப்ப சொன்னாரு? என் பேரு வந்ததுமே நான் கிளம்பிட்டேனே தம்பி!"