முதல் மணியிலேயே

சிராங்கூன் ரோடு மசாலா கம்பெனியின் கணினிக்குள் கள்ளன் புகுந்து வாடிக்கையாளர் விவரங்களை அள்ளிப்போன மறுவாரம், கணினிப் பாதுகாப்புச் சேவை தரும் வைதேகி வந்திருந்தாள்.

"கள்ளன் வந்தா போன் பண்ணிச் சொல்ற சேவையா, இல்ல நாங்களே உடனே கணினியப் பூட்டிடுற சேவையா சார்?"

"சொன்னா போதும் லா. முதல் மணியிலேயே எடுத்துடுவேன்," என்றார் முதலாளி சுரேந்தர். "ஆனா, போன வாரம் இலவசமாக் கண்காணிச்சீங்களே, ஒரு போன் வந்துச்சா?"

"மூணு தடவை கூப்பிட்டோம் சார். முதல் மணியிலேயே எடுத்தீங்க. 'ஸ்கேம் பண்ணவா உன்னைப் பெத்தாங்க உங்கம்மா?'ன்னு கேட்டுட்டு போனை வச்சிட்டீங்க."

அந்த வீரத்தை வாரம் முழுக்கக் கோப்பிக்கடையில் சொல்லிச் சிரித்த சுரேந்தருக்குக் காது சுட்டது.

"கூப்பிட்டது..."

"நான்தான் சார்."

அவர் நிமிராமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "நீங்களே பூட்டிடுங்கம்மா. என்னைக் கேக்கவே வேணாம். உங்கம்மாகிட்ட மட்டும்... நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."