டேப் சுற்றிய ஒயர்

"இது மூணாவது கம்ப்ளெய்ன்ட், பெர்னார்ட். இன்னிக்கும் உன் வேலையிலதான் தப்புன்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து நீ கடைக்கு வர வேணாம் லா."

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில், வாடிக்கையாளர் அலெக்சாண்டர் வீட்டுக் கதவு திறந்துகொண்டிருக்கும்போதுதான் சூப்பர்வைசர் சுப்பிரமணியம் இதைச் சொன்னார். குரலைத் தாழ்த்திப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

பெர்னார்ட் தலையாட்டினான். எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு என்று இருந்த வேலை போய், எட்டு மாதம் வீட்டில் கிடந்தவன். இந்தக் கம்ப்யூட்டர் கடை வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி ஆனிக்கு இது ஏழாம் மாதம்.

அலெக்சாண்டர் ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மாலையில் வீட்டிலிருந்தபடியே போன் லைன் வழியாக துவாஸ் தொழிற்பேட்டையில் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பிடித்து, சரக்கு விவரங்களை அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கினார். இரண்டு வாரமாக ஒரு நாளும் உருப்படியாக அனுப்ப முடியவில்லை. இரண்டு நிமிஷம் நிற்கிறது, அப்புறம் இணைப்பு அறுந்துவிடுகிறது. போனில் பேசினால் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

சுப்பிரமணியம் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மோடம் கீச்சென்று கத்தி ஆபீஸைப் பிடித்தது, உடனே விட்டது. மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது.

"ஹால்ல போன் சாக்கெட்டைத் திறந்து பாருப்பா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

பெர்னார்ட் மண்டியிட்டு மூடியைக் கழற்றினான்.

திருகாணிக்கு அடியில் இறுக்கியிருக்க வேண்டிய ஒயர்கள், விரலால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன. அவன் கைவேலைதான். மோடம் பொருத்த வந்த அன்றைக்குச் சனிக்கிழமை, கோயிலில் நொவேனா ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் வந்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு ஓடினவன், அதோடு மறந்துபோனான். வேலை நிலைக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடத்தான் அப்படி ஓடினான். மனுஷர் பேச்சு அந்த அரைகுறை முறுக்கலில் எப்படியோ போய்விடும், கம்ப்யூட்டர் பேச்சு போகாது.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. அலெக்சாண்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, அங்க ஏதாவது இருக்கா?" அறைக்குள்ளிருந்து சுப்பிரமணியம் கேட்டார்.

"சார்..." என்றான் பெர்னார்ட்.

"சாக்கெட்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார் அலெக்சாண்டர். "எல்லாம் எங்கம்மா பண்ற வேலை. யாராவது கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா போதும், கிச்சன்ல இருக்கிற போனை எடுத்து யார்கிட்டயாவது பேச ஆரம்பிச்சுடுவாங்க. லைன் கட்டாகாம என்ன செய்யும்? இந்த வயசுக்கு மேல என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு?"

அவருக்குப் பின்னால், ஜன்னலோரம் அல்போன்சம்மாள் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மகன் பெற்றவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாளும் குனிந்த தலை நிமிராமல் வேலையைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். பெர்னார்ட் சொல்லவில்லை. டேப்பைப் பிய்த்து, ஒயர்களைத் திருகாணியில் இறுக்கி, மூடியைப் போட்டான். மோடம் ஆபீஸைப் பிடித்தது. பத்து நிமிஷமாகியும் விடவில்லை.

"யாரும் போனை எடுக்கலன்னா நல்லாத்தான் ஓடுது" என்றபடி சுப்பிரமணியம் புகார்ப் படிவத்தை நிரப்பினார். கடை ஆள் மீது தவறில்லை என்று எழுதி, அலெக்சாண்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

லிஃப்ட்டில் இறங்கும்போது சுப்பிரமணியத்துக்கே பொறுக்கவில்லை. "பெத்த தாயை வெளியாள் முன்னாடி இப்படியா பேசுவான்? என்ன மனுஷன்" என்றார்.

அந்தப் பேச்சு பெர்னார்டுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அந்த மகன் விவரம் தெரியாமல் திட்டினான். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவன் எந்த விதத்தில் உயர்த்தி? தன் சோற்றுக்காக ஒரு வயதான அம்மாளைப் பேச்சு வாங்க வைத்துவிட்டோமே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

கீழே வந்ததும், "நீங்க வேனை எடுத்துட்டுப் போங்க சார், நான் பஸ்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேலே ஏறினான். வேலை போனால் போகட்டும் என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான்.

அலெக்சாண்டர்தான் கதவைத் திறந்தார்.

"சார், தப்பு என்னோடது. ஒயரைச் சரியா இறுக்காம டேப் சுத்திட்டுப் போயிட்டேன். உங்கம்மா ஒண்ணும் பண்ணல. அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். கடைக்கும் நானே சொல்லிடுறேன்."

"சொல்ல வேணாம் தம்பி. அந்த டேப்பை நானும் பார்த்தேன். வாசல்ல உங்க சூப்பர்வைசர் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. இனிமே அவசரப்படாம வேலை செய்யுங்க, போதும்."

பெர்னார்ட் அவரை நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சுமா சார் உங்கம்மாவை அப்படித் திட்டினீங்க? அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

அலெக்சாண்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அல்போன்சம்மாள் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு ரெண்டு காதும் போய் ஆறு வருஷமாச்சு தம்பி. போனை எடுத்து அவங்க என்ன பண்ணப் போறாங்க?"