ஹீட்டரில் சூடு வரும்வரை

புனலில் இன்னொரு குமிழி வந்து உடைந்தது.

பிலோமின்ராஜ் எண்ணுவதை விட்டுவிட்டான். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை முறையாக நிரப்பிய வண்டியில் இவ்வளவு காற்று இருக்காது.

மன்னார்புரத்தில் இருந்த அவனுடைய ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே மே மாத மதியம் தகித்துக்கொண்டிருந்தது. காரின் முன்பக்கத்தை மேடேற்றி நிறுத்தியிருந்தான். ரேடியேட்டர் வாயில் பெரிய புனல், அதில் பாதிவரை பச்சைக் கூலண்ட். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

டர்போ வண்டி. கூலண்ட் இன்ஜினோடு நிற்காமல் டர்போவையும் சுற்றி வந்தாக வேண்டும். வழியில் ஹோஸ் எங்கே மேடாக வளைகிறதோ அங்கே காற்று போய் உட்கார்ந்துகொள்ளும்; கூலண்ட் சுற்றாமல் இன்ஜின் கொதித்துவிடும். அதை வெளியேற்றக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்துவைத்து, ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் இருக்கையில் கமலவல்லி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்துக்காரி, லால்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஹீட்டர் ஓடும்போது உள்ளே இருக்காதீர்கள் என்று சொல்லியும் இறங்கவில்லை. காற்று வரும் துளையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். சூடாக வந்தால் சொல்கிறேன் என்றாள்.

இதுவரை சூடு வரவில்லை.

அவளுடைய கணவர் ஸ்ரீநிவாஸ் இறந்து நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கார் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றதாம். ஜூனில் பள்ளி திறக்கப்போகிறது, பஸ்ஸில் அலைய முடியாது என்று சங்கிலி கட்டி இழுத்துவரச் செய்திருந்தாள். வேறு ஒர்க்‌ஷாப் தேடவில்லை. ஸ்ரீநிவாஸ் பிலோமின்ராஜைத் தவிர யாரையும் அந்த வண்டியைத் தொட விட்டதில்லை.

டர்போவுக்குப் போகும் ஹோஸை மாற்றியதும் பிலோமின்ராஜ்தான். ஜனவரியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

அன்று வெளியே மூன்று வண்டிகள் காத்திருந்தன. கூலண்டை ஊற்றினான், மூடியைத் திருகினான், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். சூடு காட்டும் முள் ஏறவில்லை. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டான். இந்தப் புனலை அன்று அவன் கையில் எடுக்கவே இல்லை.

மறுநாள் நடந்ததைக் கமலவல்லி இறக்கிவிட்ட கண்ணாடி வழியாகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அவளாகவேதான் சொன்னாள்.

லால்குடியில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் ஸ்ரீநிவாஸுக்கு நெஞ்சு வலித்தது. அவள் ஸ்டியரிங்கை வாங்கி ஓட்டினாள். தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லியாயிற்று, அங்கே டாக்டர் காத்திருந்தார். காவிரிப் பாலத்தில் ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது.

"நிறுத்து கமலா, இன்ஜின் போயிடும்னார். அந்த வலியிலயும் அவர் கண்ணு முள்ளுலதான் இருந்தது. நானும் நிறுத்திட்டேன்."

நடுப்பாலத்தில் நின்ற வண்டிக்குப் பின்னால் பஸ்களும் லாரிகளும் அடைத்துக்கொண்டன. ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

பிலோமின்ராஜ் நிமிரவில்லை. ஹோஸை அமுக்கினான். கொத்தாகக் குமிழிகள் ஏறிவந்தன. கூலண்ட் மளமளவென்று இறங்கியது. அவன் இன்னும் ஊற்றினான். சூடான இன்ஜின்மேல் கொஞ்சம் சிந்திப் புகைந்தது.

அவன் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹோஸ் கசிந்தது என்றால் போதும். பழைய வண்டி என்றால் போதும்.

"இப்போ சுடறது," என்றாள் கமலவல்லி.

புனலில் அசைவு நின்றிருந்தது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று, தானாக நின்றது. முள் பாதியில் நிலையாக இருந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

இன்ஜினை அணைத்த பிறகும் அவள் இறங்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"நாலு மாசமா யாரைக் கேக்கறதுன்னு தெரியலை. உங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு நிறுத்தாம ஓட்டியிருந்தா, பாக்கி ரெண்டு கிலோமீட்டர் போயிருக்குமா?"

பிலோமின்ராஜ் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"போயிருக்காது டீச்சர். பாலத்தைத் தாண்டறதுக்குள்ள இன்ஜின் ஜாம் ஆகி நின்னிருக்கும். நீங்க நிறுத்துனதுல ஒண்ணும் இல்லைங்க. தப்பு என்னோடது. முந்தின நாளு ஹோஸை மாத்திட்டு, இப்ப எடுத்த காத்தை எடுக்காமலே வண்டியைக் குடுத்துட்டேன்."

கூரையில் தகரம் ஒருமுறை படபடத்து அடங்கியது.

கமலவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வெகு நேரம் குலுங்கின.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இருந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக அது வேறொருவர்மேல் இருந்தது.

"இனிமே இந்த வண்டி உங்க வாசல்ல நிக்காது," என்றாள்.

"சரிங்க டீச்சர்."

வண்டியை மேட்டிலிருந்து இறக்கிக் கொடுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனாள். கார் தெருமுனையைத் தாண்டி மறையும்வரை பிலோமின்ராஜ் வாசலில் நின்றான்.

அது நல்ல இன்ஜின். சிவப்பிலேயே ஓட்டியிருந்தால் வெந்து வீணாகியிருக்கும்.

ஆனால் தில்லைநகர் வரை போயிருக்கும்.