ஏற்றத்தில் ஒரு சத்தம்

“வண்டிய நிறுத்துங்க. இப்படியே ஏத்தினா இன்ஜின் தாங்காது.”

பின் இருக்கையிலிருந்து சைகல் சொன்னதும் எர்மெக்கின் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்பியது. கணவாய்ச் சாலை ஏறத் தொடங்கியதிலிருந்தே அந்தப் பழைய எஸ்.யூ.வி.க்குள் டக் டக்கென்று ஒரு சத்தம். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல.

காலையில் நரின் நகரக் கடைத்தெருவில் அவளைத் தூக்கி வண்டிக்குள் திணித்தபோது கத்தியதோடு சரி, அதன்பிறகு அவள் வாய் திறந்தது இப்போதுதான். செல்போனைப் பிடுங்கி எர்மெக் தன் பையில் வைத்திருந்தான். பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. பக்கத்தில் எர்மெக்கின் அண்ணி ஜிபார் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியைத் தளர்த்தவேயில்லை.

ஜிபாரின் மடியில் மடித்த வெள்ளை முக்காடு இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் எர்மெக்கின் வீட்டில் ஆடு வெட்டி, உறவெல்லாம் காத்திருக்கிறது. அந்த முக்காட்டைத் தலையில் போட்டுவிட்டால் சைகல் அந்த வீட்டு மருமகள். அவிழ்த்தெறிந்துவிட்டு வருகிறவளை ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும்.

“பயமுறுத்துறா. நீ ஓட்டுடா,” என்றான் முன்னால் இருந்த நண்பன் தாலாய். கேனில் அவன் வாங்கி வந்து ஊற்றிய பெட்ரோலின் நாற்றம் இன்னும் அவன் கையைவிட்டுப் போகவில்லை.

எர்மெக் சாலையோரம் நிறுத்தினான். சைகல் தன் அண்ணனோடு பட்டறையில் இன்ஜின் வேலை பார்க்கிறவள். ஆயில் மாற்றப் போன இடத்தில் அவளைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசையே வந்தது.

“என்ன சத்தம் அது?”

“பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற ராடோட பேரிங் தேஞ்சு போச்சு. ராடு உடைஞ்சா இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும். அப்புறம் இந்தப் பனியில நாலு பேரும் இங்கயே கிடக்க வேண்டியதுதான்.”

“இப்ப கேக்கலியே?”

“நின்னா கேக்காது. சுமை ஏறினாத்தான் தட்டும்.”

எர்மெக்கின் முகம் வெளுத்தது. வண்டி அவனுடையதல்ல, ரஷ்யாவில் வேலை பார்க்கும் அண்ணனுடையது. “அண்ணி, அண்ணன் ஓட்டுறப்ப இப்படிச் சத்தம் வந்திருக்கா?”

ஜிபார் சன்னல் வழியே ஏற்றத்தைப் பார்த்தாள். “இல்லப்பா. இப்பத்தான் கேக்குறேன்.”

“போச்சு. அண்ணன் வந்து என் தோலை உரிச்சிருவான்,” என்று தலையில் கைவைத்தான் எர்மெக். “இப்ப என்ன செய்யணும்?”

“எந்தப் பக்கத்துல தட்டுதுன்னு தெரிஞ்சா, அந்த சிலிண்டருக்கு மட்டும் பிளக் வயரைக் கழட்டிட்டு மெதுவாப் போயிரலாம். நீங்க ரெண்டு பேரும் இறங்கி, பக்கத்துக்கு ஒருத்தரா சக்கரத்துகிட்ட காதை வச்சுக்கிட்டே நடங்க. நான் மெல்ல ஏத்துறேன்.”

“நீ ஓட்டுவியா? எங்களுக்கு என்ன காதுல பூவா?” என்றான் தாலாய்.

“அப்ப நீயே ஓட்டு. கேக்குறதுக்கு இன்னொரு ஆளைப் பிடி.”

எர்மெக் அண்ணியைப் பார்த்தான். ஜிபாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது; அவள் இறங்கி நடந்தாலோ சைகலைப் பிடித்திருக்க ஆளில்லை. “நான்தான் பின்னாலயே உக்காந்திருக்கேனே,” என்றாள் அவள். “என்னைத் தாண்டி எங்க போயிருவா?”

அவன் பின்கதவைத் திறந்துவிட்டான். சைகல் இறங்கி ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். வண்டி மெல்ல ஏறியது. டக் டக்.

“என் பக்கம்தான்டா,” என்றான் குனிந்தபடி நடந்த தாலாய்.

“இல்லடா, என் பக்கம் நல்லாக் கேக்குது,” என்றான் எர்மெக், மூச்சு வாங்க.

சாலை அகலமாக இருந்த ஒரு வளைவில் சைகல் வண்டியை வந்த வழியே திருப்பினாள். “இறக்கத்துலயும் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. ரெண்டையும் வச்சுத்தான் முடிவு பண்ண முடியும்.”

இருவரும் மறுபடி குனிந்தார்கள். வண்டி இறங்கியது. சக்கரத்தின் அடியில் பனி நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

“சத்தமே இல்லியே,” என்று நிமிர்ந்து சிரித்தான் எர்மெக்.

சைகல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தாள்.

பின்னால் கூச்சலும் ஓட்டமும் கேட்டன. கண்ணாடியில் இரண்டு உருவங்கள் சிறுத்துக்கொண்டே போய், அடுத்த வளைவில் மறைந்தன. இனி இருப்பது ஜிபார் ஒருத்திதான். எந்த நொடியும் பின்னாலிருந்து தன் கழுத்தில் கை விழும் என்று சைகல் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

கை வந்தது. தோளின்மேல் விழுந்தது. ஆனால் இழுக்கவில்லை, அப்படியே இருந்தது.

சைகல் கண்ணாடியில் ஜிபாரைப் பார்த்தாள். “மன்னிச்சிருங்கக்கா, நான் சொன்னது பொய். இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல. மட்டமான பெட்ரோல் ஊத்தினா ஏத்தத்துல அப்படித்தான் தட்டும்.”

ஜிபார் மெல்லச் சொன்னாள்:

“தெரியும்மா. எர்மெக்கோட அண்ணன் என்னைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கும் இந்த ஏத்தத்துல இந்த வண்டி இப்படித்தான் தட்டுச்சு.”