கொக்கி இல்லாத சங்கிலி

மதினிக்காகப் பதினோரு நாள் பின்னிய சங்கிலியை அளவு பார்க்கத் தன் கழுத்திலேயே போட்டாள் இசக்கிராணி. எஃகுக் கம்பியைத் தடித்த ஊசியில் சுற்றி, வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்கு வளையங்களுக்குள் நுழைத்து இரு குறடுகளால் மூடிய பின்னல் அது. மீன் செதிலாய் மினுங்கியது. கைப்பழக்கத்தில் பிடரியில் இரு முனைகளையும் சேர்த்துக் கடைசி வளையத்தையும் மூடிவிட்டாள். மாட்டவேண்டிய கொக்கி மேசைமேல் தீப்பெட்டிக்குள் கிடந்தது. தலைவழியே இழுத்தாள்; தாடையைத் தாண்டவில்லை.

வாசலில் கார் வந்துவிட்டது. வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு கிளம்பிய மதினி கோமதி, சொல்லிக்கொள்ள உள்ளே வந்தாள்.

"இது உங்களுக்குத்தான் மதினி. இப்ப கழல மாட்டேங்கு."

கோமதி சிரித்த சிரிப்பில் முழங்கைவரை அடுக்கிய கண்ணாடி வளையல்களெல்லாம் குலுங்கின. குறடுகளை வாங்கிக்கொண்டு, வயிறு ராணியின் முதுகில் இடிக்க நின்று வளையத்தைத் திறந்தாள். அந்நேரம் உள்ளேயிருந்து ஓர் உதை ராணியின் முதுகில் பட்டது. ராணி முதுகை இன்னும் கொஞ்சம் அந்த வயிற்றோடு ஒட்டினாள்.

ராணி தீப்பெட்டியைத் திறக்கப்போனாள். கோமதி அதை வாங்கி அவள் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினாள். சங்கிலியைத் தன் கழுத்தில் வைத்து, சடையை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள்.

"கொக்கி வேண்டாம். அப்படியே மூடி விடு."

"பெறகு எப்படி மதினி கழட்டுவீங்க?"

"பிரசவ அறைக்குள்ள போகும்போது நகையெல்லாம் கழட்டச் சொல்லுவாவ. அப்ப நீ குறடும் கையுமா வந்து நிக்கணும்ட்டி."